அய்யா ஏறாத குதிரை

நம் வயதுக்காரர்கள் யாரும் குதிரைமேல் உட்கார்ந்த வீரனைப் பார்க்காமல் வளர்ந்திருக்க முடியாது. மதுரைக்குப் போனால் மண்டபத் தூணில் இருப்பான். ராசிங்காபுரம் போகிற வழியில், சுண்ணாம்பு அடித்த மண்குதிரைமேல் மீசையை முறுக்கிக்கொண்டு இருப்பான். பலசரக்குக் கடைக் காலண்டரில் இருப்பான், சரித்திரப் புத்தகத்தில் இருப்பான். எங்கே பார்த்தாலும் ஒரே முகம்தான். கவலை என்பதே தெரியாத முகம். அடுத்த முறை பார்க்கும்போது குதிரையின் கழுத்துக்குக் கீழேயும் கொஞ்சம் பாருங்கள். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நடந்து வருவான். வீரனின் முழங்கால் உயரம்கூட இருக்கமாட்டான். சில கல்லில் அவனுக்கு மூக்கும் வாயும் வைக்கக்கூட மறந்திருப்பார்கள்.

என் அப்பா அந்த ஆள். அவரை நாங்கள் அய்யா என்று கூப்பிடுவோம்.

போடியில் மலையைப் பார்த்த கடைசித் தெருவில் எங்கள் வீடு. ஜீப்பு ஏற முடியாத ஏலத் தோட்டங்களுக்கு அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் குதிரைமேல் ஏற்றிக்கொண்டு போவதும், அங்கிருந்து காய்ந்த ஏலக்காயை மூட்டையாக இறக்கிக்கொண்டு வருவதும் அய்யாவின் வேலை. குதிரைக்கு முன்னால் நடந்து போவார், குதிரைக்கு முன்னால் நடந்து வருவார். ஒரு நாள்கூட அதன்மேல் ஏறியதில்லை. வெறும் முதுகோடு திரும்பும்போதுகூட ஏறமாட்டார்.

"ஏன்யா ஏற மாட்டேங்குறீக?" என்று கேட்டிருக்கிறேன்.

"லோடு எறங்குனப்பெறகுதான அது கொஞ்சம் மூச்சு விடுது. அப்பவும் நான் ஏறிக்கிட்டா என்னயப் பத்தி அது என்ன நெனைக்கும் ஆத்தா?"

எங்கள் குதிரை செவலை நிறம். அதனால் பெயரும் செவலை. அதன் வேர்வை வாடையும் ஏலக்காய் வாடையும் சேர்ந்ததுதான் அய்யாவின் சட்டை வாடை. துவைத்தாலும் போகாது. ஒருமுறை சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கி நிற்கும் ஒரு தூண் குதிரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எத்தனை காலமா இப்படியே நிக்குதோ. யாராச்சும் காலைக் கீழ எறக்கிவிட்டா என்ன?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குதிரைக்குக் கால் வலிக்குமே என்று ஊர் திரும்பும்வரை பஸ்சில் கவலைப்பட்டுக்கொண்டு வந்தேன். அப்போதே என் புத்தி அப்படித்தான்.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் எங்களுக்கும் ஒரு குதிரைக்காரன் கல் இருந்தது. ஆள் இடுப்பு உயரம். இரண்டு பக்கமும் கல் நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைக் கூரையாகப் போட்டிருந்தார்கள். கையில் வாள், பக்கத்தில் ஒரு பெண். எந்தக் காலத்துக் கல், யார் அந்த வீரன் என்று ஒருவருக்கும் தெரியாது. பாளையக்காரர் படையில் இருந்தவன் என்பார் ஒருவர். களவாணிகளை விரட்டிக்கொண்டு மலையேறியவன் என்பார் இன்னொருவர். ஆனால் அவன் என்ன செய்வான் என்பது எல்லோருக்கும் தெரியும். மலைக்கு ஆள் கிளம்புகிற காலையில் அந்த வீட்டுப் பெண்பிள்ளை போய்க் கல்லுக்கு விளக்கெண்ணெய் ஊற்ற வேண்டும். குதிரைக்காரன் இறங்கி அந்த ஆளோடு கூடவே நடப்பான். எண்ணெய் காயும்வரை நடப்பான். எண்ணெய் காய்ந்தும் ஆள் திரும்பவில்லை என்றால்தான் தேடிப் போகலாம். ஈரம் இருக்கும்போதே தேடிக் கிளம்பினால், நம்மை நம்பவில்லையே என்று அவன் பாதி வழியில் விட்டுவிட்டு வந்துவிடுவானாம்.

வெயில் காலத்தில் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. கல் கொதிக்கும். ஊற்றிய எண்ணெயை அடுத்த நாளே குடித்துவிடும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி. நான் ஆறாம் வகுப்பு. காய் எடுப்பு மும்முரமாக இருந்ததால் மழையானாலும் குதிரைகள் போய் வந்துகொண்டிருந்தன. அய்யா கிளம்பிய காலையில் தூறல். அம்மா கிண்ணத்தில் எண்ணெயோடு முன்னால் போக, நான் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். அம்மா வீரனின் தலையில் ஊற்றினாள். எண்ணெய் மெதுவாக அவன் மீசையில் இறங்கிக் குதிரையின் கழுத்துக்கு வந்தது. செவலை அவசரமாக ஒரு செடியைக் கடித்தது. அய்யா கயிற்றை இழுத்தார்.

"வெரசா வந்துருங்க" என்றாள் அம்மா.

"மழை சொல்றபடிதான்" என்றார் அய்யா. அவ்வளவுதான். அதற்கு மேல் விசேஷமாக ஒன்றும் பேசவில்லை. எவ்வளவு யோசித்தும் எனக்கு அதற்குமேல் ஞாபகம் வரவில்லை.

வர வேண்டிய நாளில் அவர் வரவில்லை. அதற்கு மறுநாள் மத்தியானம் செவலை மட்டும் வந்தது. ஆடு மேய்க்கிற பெண்கள் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். சேணம் வயிற்றுப் பக்கம் சரிந்து, ஒரு பக்கத்து மூட்டை தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. மறுபக்கத்து மூட்டையைக் காணோம். அது குதிரைக்காரன் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்ததாம்.

இன்றைக்கு யாராக இருந்தாலும் அந்த நிமிடமே ஆளைக் கூட்டிக்கொண்டு ஓடுவார்கள். எங்கள் தெருவில் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அய்யாவின் அண்ணன், எங்கள் பெரியய்யா, அவரும் குதிரை வைத்து லோடு அடித்தவர்தான், செவலையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னார்.

"பாத்தீகளா? எங்கயும் போகாம அவன் காலடியில வந்து நின்னுருக்கு. குதிரையை முன்னால அனுப்பியிருக்கான். ஆளைப் பின்னால கூட்டிட்டு வருவான்."

"கால் ஒடிஞ்சு எங்கயாச்சும் விழுந்து கெடந்தாருன்னா, பெரியய்யா?" என்று கேட்டேன். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

பெரியம்மா என் வாயிலேயே ஒரு அடி வைத்தார். "கருநாக்கு! நல்ல வார்த்தையே வராதா ஒனக்கு?"

பெரியய்யா போய்க் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து கட்டைவிரலை எல்லோருக்கும் காட்டினார். விரல் மினுமினுத்தது.

"ஈரம் அப்படியே இருக்கு. பேசாம இருங்க."

பெரியய்யாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு மீசை முளைக்கிற வயதில் ஒரு மழைக்காலத்தில் இரண்டு பேர் எண்ணெய் காயுமுன் ஒருவரைத் தேடிப் போனார்களாம். தேடப் போனவர்களில் ஒருவர் வழுக்குப் பாறையில் விழுந்து செத்துப்போனார். தேடப்பட்டவரோ வேறு பாதையில் இறங்கி வந்து வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தார். செத்தவர் பெரியய்யாவின் கூட்டாளி. தம்பி மேல் ஆசை இல்லாமல் இல்லை. இன்னொரு பிணம் விழுந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை அவர் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தார். இது எனக்கு அம்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

மழை விடவில்லை. மேகம் மலையைவிட்டு இறங்கித் தெருமுனைவரை வந்து உட்கார்ந்துகொண்டது. துணி காயவில்லை, விறகு காயவில்லை. பெரியய்யா தினமும் குடையோடு போய் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். நாங்கள் அவர் முகத்தைப் பார்ப்போம். அவர் கட்டைவிரலைக் காட்டுவார்.

நான் பள்ளிக்கூடம் போகவில்லை. சரித்திரப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதிலிருந்த குதிரை வீரன் படத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். யாரோ ஒரு ராஜா. பின்னால் கோட்டை, மேலே குடை. குடையைப் பிடித்திருக்கிற ஆள் நடந்து வருகிறான். அவன் கால் தெரிகிற இடத்தில் என் கைச்சூட்டில் மை கலைந்துவிட்டது. தவழுகிற வயதிலிருந்த என் தம்பி வந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து வாயில் போட்டான். பிடுங்க முடியவில்லை.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, போடிமெட்டுக்குத் தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்பு ஓட்டினார். தகவல் கேட்டு வந்து தெருவில் நின்று சத்தம் போட்டார்.

"மச்சான், மெட்டுல சாயாக்கடை சேட்டன்ட்ட கேட்டுட்டேன். ஆளைக் கண்டில்லங்குறாரு. அந்தப் பக்கமும் எறங்கல, இந்தப் பக்கமும் வரல. நடுவுலதான் எங்கயோ இருக்காரு. ஆள் குடுங்க, நான் போறேன்."

"எண்ணெ காயட்டும் மாப்ளே."

"ஐப்பசி மழையில எண்ணெ எங்குட்டுக் காயும்? எந்த ஊர்ல காஞ்சிருக்கு?"

"ஒங்க ஊர்ல மலை இல்ல. ஒனக்குத் தெரியாது" என்றார் பெரியய்யா. மாமாவின் ஊர் பொட்டிபுரம். அங்கேயும் மலை கண்ணுக்கு முன்னால்தான் நிற்கிறது. ஆனால் பெண் கொடுத்த வீட்டுக்காரன், கட்டிக்கொடுத்த வீட்டு வாசலில் நின்று அதற்குமேல் பேச முடியாது. துணைக்கு வரச் சொல்லித் தெருவில் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவரும் அசையவில்லை. பாதை தெரியாமல் தனியாகப் போய் என்ன செய்வார்? ஜீப்பை உறுமவிட்டுக்கொண்டு கிளம்பிப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தார். மறுபடி போனார். ஜீப்பு ஓட்டாவிட்டால் முதலாளி வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விடிந்தும் விடியாமலும் அம்மா என்னை எழுப்புவாள். தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் கல்லுக்குப் போவோம். அம்மா முதலில் கல்லைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு கிண்ணத்து எண்ணெயை ஊற்றுவாள். வீட்டில் விளக்கெண்ணெய் தீர்ந்ததும் கேட்டு வாங்கி ஊற்றினாள். கேட்டுக் கிடைக்காத காலையில், தம்பியின் தலைக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெயை ஊற்றினாள். எண்ணெய் காய்ந்துவிட்டால் குதிரைக்காரன் அய்யாவை விட்டுவிட்டு வந்துவிடுவானே! அவன் வந்துவிட்டால் அய்யாவுக்கு அங்கே யார் துணை? அம்மாவின் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஒரு காலையில் மாமா விடியற்கால லோடு ஏற்றப் போகிற வழியில் எங்களைப் பார்த்துவிட்டார். ஜீப்பை நிறுத்தி இறங்கி வந்தார்.

"என்னக்கா பண்ணுற?"

"காய விடாமப் பாத்துக்கிடுறேன்டா" என்றாள் அம்மா. பிள்ளைக்குப் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தவள் சொல்வதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னாள்.

மாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"தெனமுமா?"

"தெனமும்தான்."

"அய்யோ அக்கா! நீ ஊத்தி ஊத்தி விடுவ, அந்த மனுசன் வந்து தொட்டுத் தொட்டுப் பாப்பாரு. எப்பத்தான்க்கா ஆளைத் தேடுறது?"

அம்மாவின் முகம் அப்போது எப்படி மாறியது என்று நான் எழுதப்போவதில்லை. கிண்ணம் மட்டும் கையைவிட்டு விழவில்லை. கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாமா போய்ப் பெரியய்யாவிடம் சொன்னார். அன்றைக்கே போனார்கள். பெரியய்யாவும் போனார். பாதையிலிருந்து கொஞ்சம் கீழே, ஓடைக்கு மேலே துருத்திய ஒரு பாறையின் அடியில் அய்யாவைக் கண்டுபிடித்துத் தூளியில் கட்டித் தூக்கி வந்தார்கள். முகத்தைத் திறந்து காட்டவில்லை.

"மேலருந்து விழுந்திருக்காரு. விழுந்த மாயத்துல போயிருச்சு. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்று பெரியய்யா எல்லோரிடமும் சொன்னார். பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒண்ணும் தெரிஞ்சிருக்காதாம், ஒண்ணும் தெரிஞ்சிருக்காதாம்.

நான் குடிக்கத் தண்ணீர் மோந்துவரப் பின்பக்கம் போனபோது, மாமா ஜீப்பில் ஏறி நின்று, அய்யாவைக் கிடத்தியிருந்த பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார். கிளீனரிடம் பேசியது காதில் விழுந்தது.

"வேட்டியைக் கிழிச்சுக் காலைக் கட்டியிருக்காருடா. மூட்டையை அவுத்திருக்காரு. காயை உரிச்சு உரிச்சுத் தின்னுருக்காரு. தோல் கெடக்கு பாரு, இம்புட்டு. குமிஞ்சு கெடக்குடா."

கையால் காட்டினார். அந்த உயரத்தை நான் பார்த்தேன். உங்களுக்குச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஏலக்காய் தின்றே பசியாற முடியுமா, தொண்டை எரியாதா, ஓடைத் தண்ணீரை எட்டி எடுக்க முடிந்திருக்குமா, கூப்பிட்டுப் பார்த்திருப்பாரா, எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாரா, செவலையை அவர்தான் தட்டி அனுப்பினாரா. இந்தக் கேள்விகளோடுதான் நான் சமைந்தேன், கல்யாணம் பண்ணிக்கொண்டேன், பேரன் பேத்தி எடுத்தேன். என் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்த தகவல் வரக் கொஞ்சம் தாமதித்தால், நான் தெருவில் இறங்கி ஓடுவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. குதிரைக்காரன்மேல் தப்பில்லை. ஊற்றின எண்ணெய்மேல் சந்தேகப்பட்டு மறுபடி மறுபடி ஊற்றினவள்மேல்தான் தப்பு. கருநாக்குக்காரி ஒருத்தி வேறு வீட்டில் இருக்கிறாள். செவலையை விற்றார்கள். அம்மா ஏலக்காய்க் கடைக்குக் காய் பொறுக்கப் போனாள். நான் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றேன். பிறகு நானும் காய் பொறுக்கப் போனேன். பச்சையானது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். ஒரு நாள் முறத்தில் கை ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மா தலை நிமிராமல் கேட்டாள்.

"ஒரு ஆளு பசிக்கு இதை எம்புட்டுத்தான் திங்க முடியும்?"

யார் அவளுக்குச் சொன்னது, எப்போதிருந்து தெரியும், ஒன்றும் கேட்கவில்லை. பதிலுக்கு அவளும் காத்திருக்கவில்லை. பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

பெரியய்யாவுக்குத் தூக்கம் போய்விட்டது. ஆள் மெலிந்துபோனார். தம்பிக்கு ஒரு கல் வைக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். வெளியூரிலிருந்து ஒரு கல்தச்சரைக் கூட்டிவந்தார். தச்சர் கரிக்கட்டியால் எங்கள் வீட்டுத் தரையிலேயே வரைந்து காட்டினார். குதிரை, அதன்மேல் வாளோடு ஒரு வீரன்.

"அய்யா ஏறமாட்டாருல்ல?" என்றேன்.

"கல்லுல நடக்குற மாதிரியா வைப்பாக? கும்பிட வேணாமா?" என்றார் பெரியய்யா.

தச்சர் போட்டோ கேட்டார். அய்யாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. "அண்ணன் தம்பி ஒரே சாடைதான" என்று பெரியய்யாவைத் திரும்பி உட்காரச் சொல்லி, மூக்கையும் தாடையையும் நூல் பிடித்து அளந்துகொண்டார்.

"கீழ கடிவாளம் பிடிக்கிறதுக்கு ஒரு ஆள் போடவா?"

"அது எதுக்குச் சும்மா? எடத்தை அடைக்கும்."

பழைய கல்லுக்குப் பக்கத்திலேயே அதை நட்டார்கள். பெரியய்யாவின் முகம், யாருடையதோ வாள், எந்த ஊர்க் குதிரையோ. என் அய்யா அதில் எங்கே இருக்கிறார் என்று தேடிப் பார்த்திருக்கிறேன். காலுக்குச் செருப்பு போடாமல் விட்டிருந்தார் தச்சர். அது ஒன்றுதான் சரி. கல் நடுகிற அன்றைக்கு அம்மா வரவில்லை. பிறகும் அந்தப் பக்கம் போகவில்லை.

பழைய வீரன் யாரென்று யாருக்கும் தெரியாது. புதியவர் எல்லோருக்கும் தெரிந்தவர். மலையிலேயே கிடந்தவர், மலையிலேயே உயிரை விட்டவர். ஆகவே மலைக்கு ஆள் அனுப்புகிறவர்கள் அய்யாவுக்கும் எண்ணெய் ஊற்ற ஆரம்பித்தார்கள். கொஞ்ச காலத்தில் அய்யாவுக்கு மட்டுமே ஊற்றினார்கள்.

எண்பதுகளில், எனக்குக் கல்யாணமாகி அதே தெருவில் இருந்தபோது, அடுத்த வீட்டுப் பையன் தோட்டக் காவலுக்கு மலையேறினான். அதுவும் மழைக்காலம். அவன் பெண்டாட்டி வாயும் வயிறுமாக இருந்தாள். வர வேண்டிய நாள் தாண்டிவிட்டது என்று அவள் வந்து என்னிடம் அழுதாள். நான் அவள் மாமியாரிடம் போனேன்.

"ஆள் அனுப்புங்கத்தே. இப்பவே அனுப்புங்க. எண்ணெயைப் பாத்துக்கிட்டு இருக்காதீக."

"கருநாக்கை வச்சுக்கிட்டு நீ கொஞ்சம் சும்மா இருக்கியா?" என்றார் அவர். பிறகு என்ன நினைத்தாரோ, குரலை இறக்கினார். "நீ அவரு பெத்த மக. ஒங் கையால ஒருக்க ஊத்திவிடு ஆத்தா. நீ சொன்னா ஒங்கய்யா கேப்பாரு."

கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். மூவரும் கல்லுக்குப் போனோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அய்யா, இல்லை, அய்யா என்று சொல்லப்பட்டவர், தலையிலிருந்து குதிரைக் குளம்புவரை எண்ணெயில் மினுமினுத்துக்கொண்டு மலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிண்ணத்தைத் தரையில் வைத்தேன். கீழே கிடந்த மண்ணை அள்ளி அந்த முகத்தில் அப்பித் தேய்த்தேன். கழுத்து, தோள், குதிரை, எல்லாவற்றிலும் தேய்த்தேன். முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்தேன். கல் சொரசொரவென்று கைக்குத் தட்டுப்படும்வரை துடைத்தேன். விரல் தோல் உரிந்தது.

"தொட்டுப் பாருங்க. காஞ்சுபோச்சு. இப்பப் போகச் சொல்லுங்க" என்றேன்.

அந்தப் பெண் என்னையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமியார் என்னைத் திட்டவில்லை. தரையில் இருந்த கிண்ணத்தைக் குனிந்து எடுத்தார். அய்யாவின் முகத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் சேலை நுனியால் மெதுவாகத் துடைத்துவிட்டு, கிண்ணத்தில் இருந்ததை முழுவதும் தலையில் ஊற்றினார்.

"பயப்படாத ஆத்தா" என்றார் மருமகளிடம். "இவரு கூட நடக்குறாருல்ல."